கணினி ‘இல்லை’ என்றால் இல்லையா?

சென்ற மழைக்காலத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பெண்மணி செங்கல்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் முன்பு தமிழ் படித்த மாணவர் ஒருவர் அனுப்பியிருந்தார். மறைந்த தன் தாயின் பெயர் ஒரு பழைய உறுப்பினர் பட்டியலில் இருக்கிறது என்பதைக் காட்டினால்தான் அவருடைய விண்ணப்பம் அடுத்த மேசைக்கு நகரும். இரண்டு முறை பேருந்து ஏறி அலுவலகம் போயிருக்கிறார். இரண்டு முறையும் அங்கிருந்தவர் பெயரைத் தட்டச்சு செய்து, திரையைப் பார்த்து, தலையை அசைத்திருக்கிறார்.

“கம்ப்யூட்டர்லயே இல்லைன்னு சொல்லிட்டாங்க சார். எங்கம்மா சந்தா கட்டின ரசீது வச்சிருக்கேன். எப்படி சார் இல்லாமப் போகும்?”

பட்டியல் அவருடைய கைபேசியிலேயே இருந்தது. நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் கோப்பு. தாயின் பெயர் ‘கௌ’ என்ற எழுத்தில் தொடங்குவது. கோப்பை என் கணினிக்கு மாற்றி, எடிட்டரில் திறந்து, தேடும் கட்டத்தில் (கௌ|கெள) என்று இட்டேன். நாற்பத்தோராம் பக்கத்தில் தாயின் பெயர், தந்தை பெயர், குப்பத்தின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பட்டியலைத் தட்டச்சு செய்தவர் ‘கௌ’ என்னும் ஓர் எழுத்துக்குப் பதிலாக, ‘கெ’ என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் ‘ள’ என்ற எழுத்தையும் இட்டிருந்தார். அச்சிட்ட தாளில் நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை கடலும் மலையும்போல் வேறு வேறு.

இந்த ஒரு வரித் தேடலைப் பெரிய வித்தையாக நினைத்து அந்தப் பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டது எனக்குக் கூச்சமாகவே இருந்தது. அது வித்தை அல்ல. பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு பிற்பகலில் சொல்லித்தரக்கூடியது. அதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். தமிழில் தேடுவது என்பது ஆங்கிலத்தில் தேடுவதுபோன்ற செயல் அன்று என்பதை நம் அலுவலகங்களும் கல்லூரிகளும் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கணினிப் பொறியாளன் அல்லன். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடற்கரை ஊர்கள் பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் எங்கெங்கே குறிப்பிடப்படுகின்றன என்று தொகுப்பது ஓய்வுக்காலத்தில் எனக்கு வாய்த்த பித்து. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்படிகளாக்கியிருக்கிறது. விக்கிமூலத் தன்னார்வலர்கள் அவற்றில் பலவற்றை எழுத்துவடிவில் மெய்ப்புப் பார்த்துத் தந்திருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து இலக்கிய நூல்களைத் தந்துவருகிறது. இவற்றையெல்லாம் வெறும் உரைக்கோப்புகளாக இறக்கிவைத்துக்கொண்டு தேடத் தொடங்கியபோதுதான் சிக்கல் புரிந்தது.

‘மாமல்லபுரம்’ என்று தேடினேன். எதிர்பார்த்ததில் பாதிகூடக் கிடைக்கவில்லை. காரணம் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. மகர மெய்யில் முடியும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது அந்த ‘ம்’ கெட்டு அத்துச் சாரியை வந்துவிடுகிறது. மாமல்லபுரத்தில், மாமல்லபுரத்தை, மாமல்லபுரத்துக் கடற்கரை ஆகிய எதிலும் ‘மாமல்லபுரம்’ என்ற சொல் முழுதாக இல்லை. ஒரு நூலில் ஊரின் பெயர் எழுவாயாக வருவதைவிட வேற்றுமை ஏற்று வருவதே அதிகம். ஆங்கிலத்தில் எந்த முன்னிடைச்சொல் வந்தாலும் ஊர்ப்பெயர் உருமாறுவதில்லை. தேடும் வசதியை வடிவமைத்தவர்கள் அந்த மொழியை மனத்தில் வைத்தே வடிவமைத்தார்கள்.

இதற்கு மருந்து எளிது: ‘மாமல்லபுர’ என்று பாதியில் நிறுத்தித் தேடுவது. ஆனால் அந்த ஊருக்கு ஒரு பெயரா இருக்கிறது? மகாபலிபுரம், மஹாபலிபுரம், மாவலிபுரம், மல்லை, கடல்மல்லை. எம்.டபிள்யூ. கார் 1869இல் தொகுத்து வெளியிட்ட ஏழு கோயில்கள் பற்றிய கட்டுரைத் தொகுப்பைப் புரட்டினால், ஐரோப்பியர் இந்த ஊர்ப்பெயரை எத்தனை விதமாகக் கேட்டு எழுதினார்கள் என்பது தெரியும். செங்கல்பட்டும் சளைத்ததன்று. செங்கற்பட்டு என்று எழுதுவோர் உண்டு. செங்கழுநீர்ப்பட்டு என்பதே மூலம் என்று அப்படியே எழுதுவோரும் உண்டு. சதுரங்கப்பட்டினத்துக்குச் சதுரங்கப்பட்டணம், சதராசப்பட்டினம், சத்ராஸ் எனப் பல முகங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடிக் குறிப்பெடுத்தால் ஆண்டுகள் ஓடிவிடும். அப்படி ஆண்டுகளை ஓடவிட்டு உழைத்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1966இல் வெளியிட்ட ந. சுப்பிரமணியனின் பல்லவர் காலத்துக்கு முந்தைய தமிழ்ச் சொல்லடைவும், அதை அடுத்து புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும் நமக்குப் பெரும் கொடைகள். இத்தாலியப் பாதிரியார் ராபர்ட்டோ பூசா, தாமஸ் அக்வினாஸின் எழுத்துகள் முழுமைக்கும் சொல்லடைவு அமைக்க 1949இல் ஐபிஎம் நிறுவனத்தின் துணையை நாடினார். துளையட்டைகளில் தொடங்கிய அந்த வேலை ஐம்பத்தாறு தொகுதிகளாக முடிய முப்பது ஆண்டுகள் ஆயின. இன்று அந்த வேலையின் ஒரு சிறு பகுதியை நம் வீட்டு மேசையில் செய்துகொள்ள இரண்டு கருவிகள் போதும். ஒன்று தேடலின் வாய்பாடு. மற்றொன்று மேக்ரோ.

‘வாய்பாடு’ என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். கணினித் துறையில் இதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பார்கள். தமிழில் சுருங்குறித்தொடர் என்று எழுதுவோரும் உண்டு. யாப்பிலக்கணம் படித்தவருக்கு இது புதிய சங்கதியே அல்ல. ‘தேமா’ என்றால் மாமரம் என்றா பொருள் கொள்கிறோம்? நேரசை இரண்டு சேர்ந்த எந்தச் சீருக்கும் அது ஓர் அச்சு. ‘செல்வம்’ என்பதும் தேமா, ‘பாடல்’ என்பதும் தேமா. அதேபோல், ‘இன்ன எழுத்து, அதன்பின் இவற்றில் ஏதேனும் ஒன்று, அதன்பின் இது வரலாம், வராமலும் போகலாம்’ என்று கணினிக்கு ஓர் அச்சைக் கொடுப்பதுதான் இது. செங்க(ல்|ற்|ழுநீர்ப்)பட்ட என்ற ஒரே வரி, அந்த ஊர்ப்பெயரின் மூன்று வடிவங்களையும் அவற்றின் எல்லா வேற்றுமைகளையும் ஒரே வீச்சில் அள்ளிவிடும். நிமிர்ந்த கோடு ‘அல்லது’ என்று பொருள்படும். இறுதியில் ‘டு’ என்று முடிக்காமல் ‘ட’ என்று நிறுத்தியிருப்பதால் செங்கல்பட்டில், செங்கல்பட்டுக்கு இரண்டும் அகப்படுகின்றன.

இந்தச் சிந்தனைக்கு வித்திட்டவர் அமெரிக்கக் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி. 1950களில் நரம்பணுக்களின் வலையை விவரிக்க அவர் கண்ட குறியீடு அது. 1968இல் கென் தாம்சன் அதை உரையில் தேடுவதற்கான நிரலாக மாற்றிக்காட்டினார். யூனிக்ஸ் கணினிகளில் இன்றும் புழங்கும் ‘கிரெப்’ என்ற கட்டளையின் பெயரே, ‘கோப்பு முழுவதும் இந்த வாய்பாட்டைத் தேடி அச்சிடு’ என்ற பழைய எடிட்டர் கட்டளையின் சுருக்கம்.

ஏன் ‘ட’வில் நிறுத்தினால் ‘டு’வும் ‘டி’யும் அகப்படுகின்றன? கணினி தமிழை எப்படிச் சேமிக்கிறது என்பதில் இருக்கிறது விடை. நமக்கு எழுத்துகள் 247. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 128. அவற்றிலும் பல வெற்றிடங்கள். உயிர்மெய்களுக்குத் தனி இடம் இல்லை. மெய்யின் அகரமேறிய வடிவத்தை முதலில் இட்டு, அதன்பின் ஒரு குறியை இடுவதே முறை. ‘மாமல்லபுரம்’ நமக்கு ஏழு எழுத்து. கணினிக்குப் பதினோரு குறியீடுகள். புள்ளிகூட அங்கே ஒரு தனிக் குறியீடுதான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இடம் தரும் ‘டேஸ் 16’ என்ற குறியேற்றத்தைத் தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடுடன் சேர்த்துத் தரமாக அறிவித்தது. ஆனால் உலகக் கணினிகள் யூனிகோடையே பேசுகின்றன. அந்த விவாதத்துக்குள் போக விரும்பவில்லை. நம் கையில் இருப்பதைக் கொண்டு ஒழுங்காகத் தேடுவதே இப்போதைய கவலை.

இந்தச் சேமிப்பு முறையால் ஒரு நன்மையும் உண்டு. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டுவதில்லை. கடற்கரைக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஹுல்ஷ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். அத்தகைய வாசகங்களைக் கணினியில் ஏற்றுவோர் சிலர் கல்லில் உள்ளபடி புள்ளியின்றித் தருகிறார்கள். சிலர் புள்ளியிட்டுத் தருகிறார்கள். புள்ளி தனிக் குறியீடு என்பதால், ‘ஒவ்வொரு மெய்க்குப் பின்னும் புள்ளி வரலாம், வராமலும் போகலாம், கொம்பு ஒற்றையானாலும் இரட்டையானாலும் சரி’ என்று வாய்பாட்டில் எழுதிவிட முடிகிறது. ஆமூர்க் கோட்டம் பற்றிய குறிப்புகளை இப்படித்தான் திரட்டினேன். கண்ணால் மட்டும் தேடியிருந்தால் பலவற்றைத் தவறவிட்டிருப்பேன்.

தீமைகள் இல்லாமலும் இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டை எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்ற எழுத்தைக் ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம். ககரம், கொம்பு, கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் அணுவளவும் வேறுபாடு தெரியாது. கோவளத்துக்கும் இதே கதி. யூனிகோடு விதிப்படி இவ்விரண்டும் சமம். ஆனால் அவ்விதியைக் கவனிக்காத தேடல் கட்டங்கள் எத்தனையோ. ‘ஸ்ரீ’ என்ற எழுத்துக்கும் இரண்டு விதக் குறியீடுகள் புழக்கத்தில் உள்ளன. தமிழ் எண் ‘௧’ ஒன்றையும் ககரத்தையும், ‘௭’ ஏழையும் எகரத்தையும் மாற்றி இட்டவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று சில விசைப்பலகைகளிலிருந்து சொல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு.

‘முழுச்சொல்லாக மட்டும் தேடு’ என்ற வசதியை நம்பியும் நான் ஏமாந்திருக்கிறேன். பைத்தான் மொழியோடு வரும் வழக்கமான தேடல் தொகுதி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் உறுப்பாகவே கருதுவதில்லை. ‘மாமல்லபுரம்’ என்பதிலுள்ள சொற்களைப் பிரித்துத் தா என்று கேட்டால் ம, மல, லப, ரம என்று நான்கு துண்டுகளைத் தருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் சொல்லெல்லைக் குறியோ ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தாக மதிக்கிறது. எனவே சொல்லின் எல்லையையும் நாமே வரையறுக்க வேண்டியிருக்கிறது: ‘இதற்கு முன்னால் தமிழ்க் குறியீடு எதுவும் இருக்கக் கூடாது’ என்று.

அந்த எல்லையை வரையறுக்காமல் ‘மல்லை’ என்று தேடிய நாளில் என் திரையில் வந்து நின்றவர் விஜய் மல்லையா. பல்லவரின் துறைமுகத்தைத் தேடிப் போனவனுக்கு வங்கிக் கடன் செய்திகள் கிடைத்தன! ‘செங்கை’ என்று தேடினால் மாவட்டத்தின் செல்லப்பெயரோடு பழம்பாடல்களில் வரும் சிவந்த கைகளும் வரிசைகட்டும். ‘பட்டு’ என்று தேடியதன் விளைவைச் சொல்லவே வேண்டாம். காஞ்சிபுரம் பக்கத்தில்தானே இருக்கிறது. எதை விலக்க வேண்டும் என்பதையும் வாய்பாட்டில் சொல்லக் கற்ற பிறகே தேடல் எனக்கு வசப்பட்டது.

இனி மேக்ரோ. வாய்பாடு ஒரு சொல்லைக் கண்டுபிடித்துத் தரும். கண்டுபிடித்த பின் செய்ய வேண்டிய வேலை எஞ்சி நிற்கிறது. அந்த வரியை நகலெடுக்க வேண்டும். நூலின் பெயரையும் பக்க எண்ணையும் சேர்க்க வேண்டும். வேறொரு கோப்பில் ஒட்ட வேண்டும். திரும்பி வந்து அடுத்ததைத் தேட வேண்டும். ஒரு முறைக்குப் பதினைந்து விசைகள் என்று வைத்துக்கொண்டாலும் நானூறு இடங்களுக்கு ஆறாயிரம் விசைகள். மேக்ரோ என்பது இந்த விசைகளை ஒரு முறை பதிவுசெய்து, மீண்டும் மீண்டும் இயக்குவது. இசைத்தட்டில் பாடலைப் பதிவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

‘விம்’ என்ற எடிட்டரில் ‘கியூ’ விசையை அழுத்திப் பதிவைத் தொடங்கலாம். மறுபடி அதையே அழுத்தி முடிக்கலாம். இதை 1991இல் வெளியிட்ட பிராம் மூலினார் 2023இல் மறைந்தார். அவருடைய மென்பொருளை இன்றும் பல லட்சம் பேர் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். ‘ஈமேக்ஸ்’ என்ற மற்றோர் எடிட்டரின் பெயரே ‘திருத்தும் மேக்ரோக்கள்’ என்பதன் சுருக்கம். 1976இல் எம்ஐடி ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய எடிட்டருக்கு ஆளாளுக்கு எழுதிவைத்திருந்த மேக்ரோக்களை ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஒழுங்குபடுத்தியதில் பிறந்தது அது. விண்டோஸ் கணினி வைத்திருப்போர் ‘நோட்பேட் பிளஸ் பிளஸ்’ஸில் பட்டியைச் சொடுக்கியே மேக்ரோ பதியலாம். இதற்கெல்லாம் காசு எதுவும் இல்லை. ‘லிப்ரே ஆபிஸ்’ எழுதுகருவியின் தேடும் பெட்டியில்கூட வாய்பாட்டுக்கென்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் குறியிட்டால் போதும். எத்தனை பேர் அந்தக் கட்டத்தைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நானே பத்தாண்டு கவனிக்கவில்லை.

மேக்ரோ எழுதுவோர் முதலில் அஞ்ச வேண்டியது அதன் கீழ்ப்படிதலுக்கு. சொன்னதை மட்டுமே செய்யும். சொன்னதை எல்லாம் செய்யும். என் முதல் மேக்ரோ, கோப்பின் இறுதி வரை போய் நிற்கும் என்று நம்பி இயக்கிவிட்டு மாடியில் துணி எடுக்கப் போனேன். பெரும்பாலான எடிட்டர்களில் தேடல் கோப்பின் இறுதியை எட்டியதும் மீண்டும் தொடக்கத்துக்குத் தாவும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தேடல் தோற்றால்தான் மேக்ரோ நிற்கும். சுற்றிச் சுற்றி வருவதால் அது தோற்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது என் தொகுப்புக் கோப்பு அனுமார் வால்போல் நீண்டுகிடந்தது. அதைவிட வெட்கமானது, பிறகு நடந்தது. இன்னொரு கோப்பில் அதே தவறு சரியாக இரண்டு சுற்றோடு நிறுத்தப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஓர் ஊர்ப்பெயர் 62 இடங்களில் வருவதாக ஒரு மலரில் எழுதிவிட்டேன். உண்மையில் 31. அடுத்த மலரில் திருத்தம் வெளியிட்டேன். படித்தவர் யாராவது இருந்தார்களா என்பது வேறு விஷயம். ‘சுற்றித் தேடாதே’ என்று அமைப்பில் சொல்லிவிட்டே இப்போதெல்லாம் தொடங்குகிறேன். கடைசியில் எண்ணிக்கையை வேறு வழியிலும் சரிபார்க்கிறேன்.

மற்றொரு பாடம் கெளுத்தி மீன் கற்பித்தது. ‘கெள’ என்று தவறாக இட்டிருப்பதை எல்லாம் ‘கௌ’ என்று மாற்றிவிட்டால் அந்தப் பெண்மணிக்கு நேர்ந்தது யாருக்கும் நேராதே என்று தோன்றியது. ஒரு மேக்ரோ எழுதி, என்னிடமிருந்த கோப்புகள் அனைத்திலும் ஒரே இரவில் மாற்றினேன். கௌரவம், கௌதமர் எல்லாரும் ஒழுங்கானார்கள். அந்தத் துணிவில் ‘மெள’, ‘பெள’, ‘வெள’ ஆகியவற்றையும் மாற்றினேன். மௌனமும் பௌர்ணமியும் வௌவாலும் திருந்தின. மறுநாள் காலை, கடற்கரை மீன்வகைகள் பற்றிய ஒரு பட்டியலைத் திறந்தால் கெளுத்தியைக் காணவில்லை. அந்த இடத்தில் எந்த எழுத்திலும் சேராத ஒரு சிதைந்த உருவம், வட்டப்புள்ளிகளோடு நின்றது. பதறிப்போய்ப் பார்த்தால் வெள்ளம், வெள்ளி, வெளிச்சம், வெளியூர் எல்லாம் அப்படியே நொறுங்கிக்கிடந்தன. ‘வெள்’ளிலும் ‘வெளி’யிலும் கணினி பார்ப்பது வகரம், கொம்பு, ளகரம் ஆகியவற்றைத்தான், அதன்பின் வரும் புள்ளியையோ கொக்கியையோ நான் கவனிக்கச் சொல்லவில்லை.

நல்லவேளை, மூலக்கோப்புகளின் நகல் தனியாக இருந்தது. இப்போது என் வாய்பாடு இவ்வாறு: மெய்க்குப் பின் கொம்பு, அதன்பின் ளகரம் இருக்க வேண்டும், அந்த ளகரத்தை அடுத்துப் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருக்கக் கூடாது. கெளுத்தியும் வெள்ளமும் இதில் தப்பிக்கின்றன. அப்போதும் ‘வெளவெளத்து’ போன்ற இரட்டைக்கிளவிகள் சிக்குகின்றன. ஆகவே மேக்ரோ தானாக மாற்றுவதில்லை; ஒவ்வோர் இடத்திலும் நின்று என்னைக் கேட்கிறது. நான் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்கிறேன். தேடுவதைக் கணினியிடம் ஒப்படைக்கலாம். மாற்றுவதை முழுவதும் ஒப்படைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மக்கள் பெயர்கள் அடங்கிய பட்டியல்களில் இது இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றத்தக்கது. ஒரு பெயரைத் ‘திருத்தி’விட்டால், ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் அது வேறாக இருக்கும்.

இவ்வளவு தலைவலி எதற்கு, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடாதா என்று என் பேரன் கேட்கிறான். கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாய்பாட்டை எழுதித் தருவதில் அது நல்ல உதவியாளன். ஆனால் ‘இந்த இருநூறு கோப்புகளில் கொக்கிலமேடு எங்கெல்லாம் வருகிறது’ என்ற கேள்விக்கு அது சொல்லும் விடையில் எது விடுபட்டது, எது கற்பனை என்று எனக்குத் தெரிவதில்லை. வாய்பாடு தவறாக இருந்தால் அதன் தவறு அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது; அதை நான் படித்துப் பார்க்கலாம், இன்னொருவரும் படித்துப் பார்த்து என்னைத் திருத்தலாம். ஆய்வுக்கும் அரசுப் பட்டியலுக்கும் இந்த வெளிப்படைத்தன்மை தேவை.

மேக்ரோவின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. எனவே 1980களின் நூலொன்றில் ‘செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்’ என்று கண்டால், அது இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கலாம். எந்த வாய்பாடும் இதைச் சொல்லாது. அதற்கு முன் போனால் சிக்கல் இன்னும் சுவையானது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர், செங்கல்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் காலத்துக் கிராமக் கணக்கர்களின் ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஓலையில் எழுதிய ஊர்ப்பெயரும் ஆங்கிலேயர் எழுதிய பெயரும் இன்றைய வருவாய்த் துறையின் பெயரும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்க்க, ‘பாக்கம்’ என்று முடியும் ஊர்களை மட்டும் ஒரு முறை திரட்டிப் பார்த்தேன். அச்சுநூல்களைப் படமாக்கி எழுத்தாக மாற்றும் மென்பொருள், காலை ஒரு சில இடங்களில் தவறவிட்டுப் ‘பாக்கம்’ என்பதைப் ‘பக்கம்’ ஆக்கியிருந்தது. கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்று வாய்பாட்டைத் தளர்த்தினால், நூல்களின் எல்லாப் பக்கங்களும் ஊர்களாகிவிட்டன. தளர்த்துவதா, இறுக்குவதா என்ற முடிவை நூலுக்கு நூல் மனிதர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அலுவலகங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. மக்கள் பெயர்களைத் தேடும் எந்தத் தமிழ்ப் பக்கமும், தேடும் முன் இந்த இரட்டைக் குறியீடுகளை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். கௌ, கெள, ஒகரத்தின் இரு வடிவங்கள், ஸ்ரீயின் இரு வடிவங்கள், கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி: இவற்றைச் சமன்செய்ய நிரலாளர் ஒருவருக்கு ஒரு நாள் வேலை. ண, ன, ந மயக்கமும் ர, ற மயக்கமும் ல, ள, ழ மயக்கமும் உள்ள பெயர்களை ‘இவையும் இருக்கின்றன’ என்று அடுத்த வரிசையில் காட்டலாம். திரையில் ‘இல்லை’ என்று எழுதாமல் ‘இந்த எழுத்துக்கோவையில் கிடைக்கவில்லை’ என்று எழுதலாம். முதல் சொல் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டாவது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை இன்னொரு முறை தட்டச்சு செய்ய வைக்கிறது.

கல்லூரித் தமிழ்த் துறைகளும் இதில் பங்கெடுக்க வேண்டும். புணர்ச்சி விதியும் சாரியையும் வேற்றுமையும் தெரிந்த மாணவரே நல்ல வாய்பாடு எழுத முடியும். கணினி மட்டும் தெரிந்தவர் ‘ம்’ ஏன் கெடுகிறது என்று விழிப்பார். சென்ற கோடையில் பக்கத்துக் கல்லூரி மாணவியர் நால்வருக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைச் சொல்லிக்கொடுத்தேன். தேமா, புளிமாவிலிருந்து தொடங்கியதால் மூன்றாம் நாளே சொந்தமாக எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி, நன்னூலின் புணரியல் விதிகளை ஒவ்வொன்றாக வாய்பாடாக்கிவருகிறாள். குற்றியலுகரத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்தப் பெண்மணியின் பட்டியலுக்கு வருகிறேன். நாற்பத்தோராம் பக்கத்தை அச்சிட்டு, பெயரின் கீழ்க் கோடிட்டுக் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு துண்டுத்தாளில், அலுவலகத்தில் இருப்பவர் தேடும் கட்டத்தில் என்ன இட வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்களாம். அந்தத் துண்டுத்தாளை அங்கிருந்தவர் கேட்டு வாங்கித் தன் கணினியின் ஓரத்தில் ஒட்டிவைத்துக்கொண்டாராம். அதன் பிறகு, அவருடைய குப்பத்திலிருந்தே இன்னும் மூன்று பேரின் பெயர்கள் அதே பட்டியலில் அகப்பட்டனவாம்.